அல்லியாற்றுக்கு எழுதிய அறிவிப்பு

அல்லியாறு வாசிக்கத் தெரிந்த ஆறு. அதனால் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னால், எதுவரை வரலாம், எதற்கு மேல் வரக் கூடாது என்று அதற்கு ஓர் அறிவிப்பு எழுதிக் கரையில் நட்டுவைப்பது கடம்பன்விளை ஊரில் வழக்கம். அறிவிப்பை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தண்ணீரிடம் காட்டிச் சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்பது விதி. ஆற்றறிவிப்பு அலுவலகத்தில் அந்தச் சோதனை வேலையைப் பார்த்துவந்தவள் உலகம்மாள்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குச் சுலபமான வேலையாகத் தெரியும். ஆற்றில் நாலு இடத்தில் தண்ணீர் மொண்டு, நாலு குடங்களை நாற்காலிகளில் உட்கார வைத்து, நாலு கேள்வி கேட்டு அனுப்புவதற்கு ஒரு சம்பளமா என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்கள் ஒருநாள் வந்து செய்து பார்க்க வேண்டும். அணைக்கட்டுக்குக் கீழே இருக்கிற தண்ணீர் விழுந்த வேகத்தில் எதையும் காதில் வாங்காது. பாலத்தடித் தண்ணீர் ஊர்ப்பேச்சு கேட்டுக் கேட்டுக் கேள்விக்கு முன்னால் பதிலை வைத்துக்கொண்டு நிற்கும். படித்துறைத் தண்ணீருக்குச் சோப்பு வாடையும் கொஞ்சம் கர்வமும் உண்டு. சுழியில் எடுத்த தண்ணீரோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். இவர்கள் எல்லோரையும் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, ஒருவர் பேச்சில் மற்றவர் தலையிடாமல் பார்த்துக்கொண்டால்தான் அது சோதனை.

தண்ணீர் மேல்நோக்கித்தான் பார்க்கும். ஆகவே அறிவிப்பைக் குடத்து வாய்க்கு மேலே கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் லேசாக ஒரு வளையம் ஓடும். அப்போது காதைக் குடத்து விளிம்பில் வைத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என்ன புரிந்தது, யாருக்குச் சொல்கிறது, என்ன செய்யச் சொல்கிறது. உலகம்மாளுக்கு வலது காது எப்போதும் சில்லென்று இருக்கும். எத்தனை தடவை மாற்றினாலும் வலது காதுத் தோடு மட்டும் பச்சை பிடித்துவிடும். மாசானம் புதுத் தோடு வாங்கிவந்தால் இடது காதுக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிடுவாள். மாசானம் அவளுடைய புருஷன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

அவர்கள் வீடு குளிர்சோலை நகரின் கடைசி வீடு. கடைசி என்றால் அதற்குப் பிறகு ஆறுதான். மனை விற்றவர்கள் அதை ஆற்றுக் காற்று வாங்கும் வீடு என்று சொல்லித்தான் விற்றார்கள். காற்று வந்தது உண்மைதான், பின்னாலேயே ஆறும் வந்தது. போன வருஷம் அடுப்படிவரை வந்து, இரண்டு நாள் இருந்து, போகும்போது ஆற்றுப் பக்கத்துச் சுவரில் ஒரு விரிசலை விட்டுவிட்டுப் போயிருந்தது. கொத்தனார் வந்து விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை ஊறினால் இந்தச் சுவர் உட்கார்ந்துவிடும் என்றார். அந்தச் சுவர் உட்கார்ந்தால் மற்ற மூன்றும் நின்றுகொண்டு இருக்காது என்பதை அவர் சொல்லவில்லை, சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். உலகம்மாளும் மாசானமும் கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது. அதை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இந்த வருஷத்து அறிவிப்பு சரியாக வந்தால் வீடு நிற்கும், வராவிட்டால் நிற்காது. 

அலுவலகத்தில் அறிவிப்பு எழுதுகிறவர் ஜெபத்துரை சார். நல்ல மனுஷன். கோபமே வராது. எழுத உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ வேறொரு ஆள் வந்து அவர் கைக்குள் புகுந்துகொள்வார். முதல் நகலில் "பார்வையில் காணும் விதிகளின்படி மேற்படி ஆறானது" என்று ஆரம்பித்து முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு பக்கம் எழுதியிருந்தார். உலகம்மாள் அதைக் கவிழ்த்துப் பிடித்த கொஞ்ச நேரத்தில் பித்தளைக் குடத்தில் இருந்த படித்துறைத் தண்ணீர் உறங்கிவிட்டது. தண்ணீர் உறங்கினால் மேலே தூசி படியும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். மற்ற மூன்று குடங்களும் மரியாதைக்காக முழித்துக்கொண்டிருந்தன.

அடுத்த நகலில் எழுத்தைக் குறைத்து, ஒரு வீட்டையும் அதற்கு முன்னால் ஒரு சிவப்புக் கோட்டையும் வரைந்திருந்தார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்று உலகம்மாளும் நினைத்தாள். அணைக்கட்டுத் தண்ணீரிடம் காட்டி, என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டாள்.

"கோடு போட்டிருக்கீக. அதத் தொடுத வரைக்கும் வரணும்" என்றது தண்ணீர். "அணையில கோட்டத் தொட்டாத்தான எங்கள நல்ல தண்ணின்னு சொல்லுவீக."

அது நியாயமாகத்தான் பட்டது. உலகம்மாள் கோட்டை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாவது நகலில் போன வருஷத்துப் படத்தையே எடுத்துப் போட்டிருந்தார். வீட்டு வாசலில் ஒரு பெண் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நிற்கும் படம். தயவுசெய்து வராதே என்று கெஞ்சுகிறாளாம். போன வருஷம் நேரம் இல்லை என்று சோதிக்காமலே இதை அச்சடித்துவிட்டார்கள். இப்போது பாலத்தடித் தண்ணீர் படத்தைப் பார்த்ததும் குடத்துக்குள் ஒரு ஆட்டம் ஆடி, அன்புடன் வரவேற்கிறார்கள் என்று சொல்லிற்று. கல்யாண மண்டபத்து வாசலில் எல்லாம் இந்த அம்மாவைப் பார்த்திருக்கிறோமே என்றது படித்துறைத் தண்ணீர். ஜெபத்துரை சார் அதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருஷம் ஆறு ஏன் அத்தனை பதவிசாக, வாசல் வழியாக, அழைத்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தது என்பது உலகம்மாளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவளே வாசலில் நின்று வரவேற்றது போல ஆகிவிட்டது. கையைக் கூப்பியவள் படத்தில் இருந்தவள்தான் என்றாலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஜெபத்துரை சார் படமும் வேண்டாம், கோடும் வேண்டாம் என்று முடிவுசெய்து, வீட்டில் பெண்டாட்டியிடம் பேசுகிற மாதிரி மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தார். "இது வீடு. இங்கே ஆட்கள் உறங்குகிறார்கள். தயவுசெய்து வேறு பக்கம் போகவும்." போ என்பதா போகவும் என்பதா என்பதில் ஒரு மத்தியானம் போயிற்று. ஆறு வயதில் மூத்தது என்பதால் போகவும் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நகலைக் காட்ட வேண்டிய நாளில் ஆயுத பூஜை வந்துவிட்டது. அலுவலகத்தைக் கழுவி, மேசை நாற்காலிக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். ஜீப்புக்கு வைத்தார்கள், பஞ்சிங் மெஷினுக்கு வைத்தார்கள். குடங்களும் தொழில் சாமான்தானே என்று அவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஆளுக்கொரு செவ்வந்தி சாத்தி, தூசி விழாமல் தட்டால் மூடிவைத்தார்கள். பிறகு விடுமுறை விட்டார்கள். விடுமுறையோடு ஞாயிற்றுக்கிழமையும் உள்ளூர் விடுமுறையும் சேர்ந்துகொண்டதில் ஆபீஸ் திறக்க வெகு நாளாயிற்று. அத்தனை நாளும் தண்ணீர் பொட்டு வைத்துக்கொண்டு, நிழலில், தட்டுக்குக் கீழே இருந்தது.

ஒவ்வொரு நகலுக்கும் புதிதாகத் தண்ணீர் மொள்ள வேண்டும் என்று விதியில் இருக்கிறது. உலகம்மாளுக்கு அது தெரியும். ஜெபத்துரை சாருக்கும் தெரியும். ஆனால் மலைப்பக்கம் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அச்சகத்திலிருந்து ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற தண்ணீரே போதும் உலகம்மா, நமக்குப் பழகின தண்ணீர்தானே என்றார் சார். அவள் தட்டுகளை எடுத்தாள். வண்டல் எல்லாம் அடியில் போய்ப் படிந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் நகலைக் கவிழ்த்துப் பிடித்து, வாசிக்க நேரம் கொடுத்து, காதை வைத்தாள்.

முதல் கேள்வியை அவள் முடிக்கவில்லை. அதற்குள் சரி என்றது பித்தளைக் குடம். பாலத்தடித் தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் குடமும் சரி என்றது. சுழித் தண்ணீர்கூட ஒரே ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. வேறு பக்கம் போகச் சொல்லியிருக்கிறதே, எந்தப் பக்கம் போவீர்கள் என்று கேட்டாள்.

"நீங்க எங்க ஊத்துதீகளோ அங்க" என்றது தண்ணீர்.

 அது ஆற்றின் குரல் இல்லை. வீட்டு மூலையில் மண்பானைக்குள் இருந்துகொண்டு, யாராவது தம்ளரை முக்குவார்களா என்று காத்திருக்கும் தண்ணீரின் குரல். அதற்கு எதைக் காட்டினாலும் சரி என்றுதான் சொல்லும். கொட்டிவிட்டுப் புதிதாக மொண்டு வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. கூடவே சுவரும் அதன் விரிசலும் ஞாபகத்துக்கு வந்தன. தண்ணீர் சரி என்று சொல்லி அவள் கேட்க ஆசைப்பட்டாள். அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்று வலியக் காதில் வந்து விழும்போது தள்ளிவிட மனசு வரவில்லை. நாலு குடத்துக்கும் புரிந்தது, ஏற்றுக்கொண்டது என்று சொல்லிவிட்டாள். சார் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அறிவிப்பு தகரத்தில் அச்சாகி வந்தது. கரையில் நட்டார்கள். ஆறு கீழிருந்து ஏறிவருவதால் கடைசி வரியைத்தான் முதலில் வாசிக்கும் என்று, முதல் வரியைக் கீழேயும் கடைசி வரியை மேலேயும் போட்டிருந்தார்கள். இதெல்லாம் அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

மழை மூன்றாம் நாளில் பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் ஏறிவந்தபோது தெருவே குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தது. ஆறு அறிவிப்பின் காலடிக்கு வந்து நின்றது. முதல் வரியை வாசித்தது. ஏறி இரண்டாவது வரியை வாசித்தது. மூன்றாவது வரியில் வெகுநேரம் நின்றது. கொஞ்சம் இறங்கி மறுபடியும் ஏறி, இன்னொரு தடவை வாசித்தது.  பிறகு ஆறு அறிவிப்பைச் சுற்றிக்கொண்டு, தகரத்தில் ஒரு கீறல்கூட விழாமல், தெருவுக்குள் வந்தது.

 அவரவர் வீட்டுக்குப் போய் அரிசிப் பானையைப் பரண்மேல் ஏற்றினார்கள். உலகம்மாள் சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். பழைய தண்ணீரில் சோதித்ததையும், அது வீட்டுத் தண்ணீராகிவிட்டிருந்ததையும், தனக்கு அது தெரிந்தும் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்.  புரிதல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, ஏற்புதான் குறைவு என்றார் சார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்து அதற்கு மேல் ஏறாமல் நின்றது. காலையில் எழுந்து பார்த்தபோது, ஆறு தெருவின் மேல்கோடியில் இருக்கும் முதல் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. யாரோ கட்டியிருந்த ஃபிளெக்ஸ் ஒன்று தண்ணீர்மேல் கவிழ்ந்து விரிந்து கிடந்தது. அதன் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு வண்டலால் எழுதியிருந்தது. எழுத்து அழகாக இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் திருத்துவதற்கு இடம் விட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே உலகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, இது இன்னும் நகல்தான். ஆறு தன்னுடைய அறிவிப்பை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஆட்களிடம் சோதிக்க வந்திருக்கிறது. அதுவும் ஆட்களை மொண்டுகொண்டு போகாமல், அவரவர் வீட்டு வாசலிலேயே வைத்துக் கேட்கிறது. தன்னைவிட நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அவள் மனதுக்குள் ஒப்புக்கொண்டாள்.

ஆறு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தது. செய்தி அதற்கு முன்னால் மொட்டைமாடி வழியாக வந்து சேர்ந்தது. புரியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். புரியவில்லை என்றால் நகலைத் திருத்தக் கொண்டுபோய்விடும், திருத்தி வர ஒரு மழை ஆகும், அதற்குள் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். ஆற்றறிவிப்பு அலுவலகம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோரும் புரியவில்லை என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பிரம்மு டீச்சர், ஆயுசு பூராவும் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவள், தனக்கு எழுத்தே தெரியாது என்று சத்தியம் பண்ணினாள். ஆறு அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியது. கேட்டுவிட்டு, காதும் சரியாகக் கேட்காது என்றாள் டீச்சர்.

கடைசியாக உலகம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தது. மாசானம் கட்டில்மேல் குத்தவைத்துக்கொண்டு, ஆற்றுக்குக் கேட்காமல் வாய்க்குள் பேசினான்.

"புரியலன்னு சொல்லுட்டி. ஒரு வார்த்த. சுவரு இன்னொரு வருசம் நிக்கும்."

அவள் புடவையைச் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நகலில் மூன்று வரிதான் இருந்தது. "இது ஆறு. இங்கே தண்ணீர் உறங்குவது வழக்கம். தயவுசெய்து நீங்கள் வேறு பக்கம் போகவும்." குனிந்து வலது காதைத் தண்ணீரில் வைத்தாள். அவள் காதுக்குப் பழகின அதே சில்லிப்பு. குரல் மட்டும் குடத்துக் குரல் இல்லை. அகலமாக, அவசரம் இல்லாமல், எங்கோ மலையில் ஆரம்பித்து இங்கே வந்து முடிகிற குரல்.

என்ன புரிந்தது என்று ஆறு கேட்டது.  ஒரு சொல்லில் வீடு நிற்கும் என்பது உண்மை. போன தடவையும் ஒரு சொல்லில் வீட்டை நிறுத்தத்தான் பார்த்தாள். நாலு குடத்தின் வாயில் தனக்கு வேண்டிய பதிலை வாங்கிக்கொண்டு வந்தாள். அதனால்தான் இன்றைக்கு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு ஒழுங்காகச் சோதிக்க வந்திருக்கும் ஒன்றிடம் பொய்ப் பதிலைக் கொடுக்க அவளால் முடியவில்லை.

"புரியுது" என்றாள்.

மாசானம் கட்டிலில் இருந்து இறங்கிவிட்டான். ஆறு அடுத்ததைக் கேட்டது. எனக்குச் சொல்கிறது என்றாள். அதற்கு அடுத்ததையும் கேட்டது. வீட்டை விட்டுப் போகச் சொல்கிறது என்றாள்.  வேலை என்று வந்துவிட்ட பிறகு பாதியில் நிறுத்தக் கூடாது என்பதால், ஒரு குறையையும் சொன்னாள். வேறு பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை, நாங்களும் உங்களுக்கு எழுதியதில் அதைத்தான் விட்டுவிட்டோம் என்றாள். வாசலில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஆறு அதைக் குறித்துக்கொண்டது.

பிறகு கேள்வியில் இல்லாத ஒன்றைக் கேட்டது.

"புரிஞ்சுதுன்னா, பொறகு ஏன் இன்னும் போகல?"

"புரியுறது வேற," என்றாள் உலகம்மாள். "போறது வேற."

 யாருடைய செருப்போ ஒன்று வாசலுக்கும் திண்டுக்கும் இடையில் போய்ப் போய் வந்தது.

"எங்களுக்கும் அப்படித்தான்" என்றது ஆறு கடைசியில்.

மத்தியானத்துக்குள் ஆறு நகலைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப்போயிற்று. சுவர் நின்றது. விரிசல் மட்டும் கை நுழைகிற அகலத்துக்கு வந்திருந்தது. தெருவில் யாரும் உலகம்மாளோடு பேசவில்லை. இத்தனை பேர் தெரியாது தெரியாது என்று சொல்லியும், அவள் ஒருத்தி சொன்ன பதிலை வைத்துக்கொண்டு ஆறு அச்சுக்குப் போய்விடும் என்று பிரம்மு டீச்சர் குழாயடியில் சொன்னாள். உலகம்மாளின் குடத்தைப் பார்த்ததும் தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மாசானம் சண்டை போடவில்லை. சாப்பிட்டுவிட்டு, விரிசலுக்குள் பழைய துணியைச் சுருட்டி அடைத்தான். அது அவளுக்குச் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. அலுவலகத்தில் குடத்து வாயில் காதை வைத்துக்கொண்டிருக்கும்போதுகூட அவளுக்கு அழுகை வந்தது. குடம் என்ன என்று கேட்டது, ஒன்றுமில்லை என்றாள்.

கார்த்திகை பூராவும் மழை இல்லை. இருந்தும் தினமும் காலையில் ஆற்றுப் பக்கத்துச் சுவரில் ஓர் ஈரம் தெரிந்தது. தரையிலிருந்து ஏறின ஈரம் இல்லை, ஆள் காது வைக்கும் உயரத்தில் வட்டமாக ஓர் ஈரம். துணியால் துடைத்துவிடுவாள். மறுநாள் அதே இடத்தில் இருக்கும். எல்லா வீட்டுச் சுவரிலும் அப்படி இருப்பதாக மாசானம் பார்த்துவிட்டு வந்து சொன்னான். வெள்ளம் வந்துபோன வீட்டில் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று பேசிக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் ஆற்றின் அறிவிப்பு வந்துவிட்டது. தெருமுனையில், அவர்களுடைய தகரத்துக்கு எதிரில், வெள்ளத்தில் வந்த ஒரு பனந்தடியில் கட்டி நட்டிருந்தது. உலகம்மாள் போய்ப் பார்த்தாள். எழுத்துகள் ஆள் பார்க்கும் உயரத்தில் இல்லாமல் ஜன்னல் உயரத்தில் இருந்தன. அவள் கொஞ்சம் குனிந்து வாசித்தாள்.

"அன்புள்ள வீடுகளுக்கு. இது ஆறு. இங்கே தண்ணீர் உறங்குவது வழக்கம். மேற்கே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நல்ல இடம் இருக்கிறது. தயவுசெய்து அங்கே போகவும். உள்ளே இருப்பவர்களை எழுப்ப வேண்டியதில்லை."

இரண்டு தடவை வாசித்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் சொன்ன திருத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தது. சொல்லாத ஒரு திருத்தத்தையும் அதுவாகச் செய்திருந்தது. மரியாதைக்காக ஆட்களுக்குப் பதில் வீடுகள் என்று போட்டிருக்கிறது என்றான் மாசானம். இந்த வருஷம் போகட்டும், அடுத்த மழைக்குள் யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் உலகம்மாள் அடுப்படிக்குப் போனபோது, ஆற்றுச் சத்தம் கேட்கவில்லை. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டிருந்தன. கிழக்கு ஜன்னலில் வர வேண்டிய வெயில் அடுப்புமேல் விழுந்து, மெதுவாக நகர்ந்து, உரல்மேல் போயிற்று. கதவைத் திறந்தாள். வாசற்படிக்குக் கீழே தார் ரோடு பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தெருவில் இருந்த வீடுகள் எல்லாம் வரிசையாக மேற்கே நடந்துகொண்டிருந்தன. கார்த்திகை பூராவும் ஆறு சுவர்களில் காது வைத்துக் கேட்டது வீடுகளிடம்தான். அவளுடைய வீடு கடைசி வீடு என்பதால் கடைசியாகப் போயிற்று. விரிசல் விழுந்த சுவர்ப் பக்கம் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். வீடு நின்ற இடத்தில் ஆறு வந்து படுத்திருந்தது.

முன்னால் போன வீடு வேகத்தடையைத் தாண்டுவதற்காக நின்று நிதானித்ததில், இரண்டு வீடுகளும் பக்கத்தில் வந்துவிட்டன. ஜன்னலில் பிரம்மு டீச்சர் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு நின்றாள். உலகம்மாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். பிறகு திருப்பவில்லை.

"உலகு, பால் இருக்கா உங்கிட்ட? நேத்து வாங்காம விட்டுட்டேன். புது எடத்துக்குப் போறோம், காய்ச்சாம எப்படி?"

உலகம்மாள் உள்ளே போய், பால் பாக்கெட்டை வெட்டி, பாதியைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். டீச்சர் எட்டி வாங்கிக்கொண்டாள். கை நனைந்துவிட்டது, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வேகத்தடை தாண்டியதும் டீச்சர் வீடு முன்னால் போய்விட்டது.

மாசானம் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டியதில்லை என்று எழுதியிருந்ததால் அவள் எழுப்பவில்லை. மிச்சப் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். வீடு மேட்டில் ஏற ஆரம்பித்திருந்தது, பாத்திரத்தைத் துணி போட்டுப் பிடித்துக்கொண்டாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கினால்தான் நல்லது. வீடு போய் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று தெரியாததால், தீயைக் குறைத்து வைத்தாள்.